தனியாகவே தாய் சி பழகினால் போதுமா? குன்னூரில் கூடப் பழக ஆள் இல்லை

மூடுபனி (குன்னூர்)

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் வங்கி வேலையில் இருந்தபோது இரண்டு ஆண்டுகள் வகுப்புக்குப் போய், மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய் சியில் 24 அசைவுகள் கொண்ட வரிசையைக் கற்றுக்கொண்டேன். விருப்ப ஓய்வு பெற்றுக் குன்னூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து தனியாகத்தான் பழகுகிறேன். வீட்டு வாசலில் உள்ள சிமெண்டுத் தளம் பதினைந்தடிக்கு எட்டடிதான். வரிசை அதற்குள் அடங்காது. ‘மேகக் கை’ என்ற அசைவு வரும்போது பக்கவாட்டில் மூன்றாவது அடி வைத்ததும் துளசி மாடம் இடிக்கும். ஓர் அடி திரும்பி வந்து நின்று தொடர்வேன்.

உடம்பு இலேசாக இருக்கிறது, இரவில் தூக்கம் நன்றாக வருகிறது. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட என் கையைத் தொட்டுப் பார்த்து ‘இது சரி, இது தவறு’ என்று சொன்னதில்லை. சீனப் பூங்காக்களில் இரண்டு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி வட்டமாகச் சுழற்றிப் பழகுவதைக் காணொளியில் பார்த்தேன். என் ஆசிரியரிடம் முன்பு அதைப் பற்றிக் கேட்டபோது, ‘அது சண்டை பழகுபவர்களுக்கு, உங்களுக்கு எதற்கு’ என்று முடித்துவிட்டார். அது உண்மைதானா? அந்தப் பகுதி இல்லாமல் நான் செய்துகொண்டிருப்பது அரைகுறையா?

வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆசையோடுதான் வந்தார். ஆனால் கையைக் கொடுத்தால் பிடித்து இழுத்துவிடுகிறார்.

பினாங்கு பழக்கம் (உதகை)

அம்மா, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் பினாங்கில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே விடியற்காலையில் பூங்காக்களில் பழகும் சீனப் பெரியவர்களோடு சேர்ந்து கற்றேன். இப்போது உதகையில் இருக்கிறேன்.

முதலில் உங்கள் வரிசை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 24 அசைவு வரிசையை 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தொகுத்தது. தாய் சி மரபுகளில் ஒன்றான யாங் குடும்பத்தின் நீண்ட வரிசை அதற்கு அடிப்படை. நீண்ட வரிசையை நிதானமாகச் செய்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பொதுமக்கள் எல்லோரும் உடல்நலத்துக்காகச் செய்ய வேண்டும் என்று ஐந்தாறு நிமிடத்தில் முடியும்படி சுருக்கினார்கள். அது உலகம் முழுவதும் பரவியபோது, வரிசை மட்டும் போனது. இருவர் பழகும் பகுதி பல வகுப்புகளுக்கு வந்து சேரவே இல்லை. உங்கள் ஆசிரியருக்கும் வந்து சேராமல் இருந்திருக்கலாம்.

அந்த இருவர் பயிற்சிக்குச் சீனத்தில் துய் ஷோ என்று பெயர், ‘தள்ளும் கை’ என்று பொருள். நாங்கள் உதகையில் ‘கை ஒட்டு’ என்று சொல்லிக்கொள்கிறோம். தள்ளுவதைவிட ஒட்டியிருப்பதுதான் அதில் பெரிய வேலை.

இப்போது உங்கள் வரிசையில் ஏழாவது, எட்டாவது அசைவுகளை நினைத்துப் பாருங்கள்: ‘சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல்’, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை. அதற்குள் நான்கு வேலைகள் வரிசையாக இருக்கின்றன. முன்கையை ஊதிய பந்து போல விரித்துத் தாங்குவது பெங். வருகிற விசையை இடுப்பைத் திருப்பிப் பக்கமாக வழியனுப்புவது லியூ. மணிக்கட்டின் மேல் மறுகையை வைத்து நெருக்குவது ஜி. இரு கையாலும் தள்ளுவது ஆன். துய் ஷோவின் அடிப்படைச் சுற்றும் இதே நான்குதான். அதாவது நீங்கள் தினமும் காலையில் இருவர் பயிற்சியின் ஒரு பாதியைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். எதிரில் நிற்க வேண்டியவர் இல்லை, அவ்வளவுதான்.

என் ஆசிரியர் அடிக்கடி சொல்லும் பழைய சொல் ஒன்று உண்டு: ஆள் இல்லாதபோது ஆள் இருப்பதுபோல் செய், ஆள் இருக்கும்போது இல்லாததுபோல் செய். அவசரப்பட வேண்டாம். தனியாக நின்று பழகிய அடித்தளம் இல்லாமல் கை ஒட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் தோளால்தான் தள்ளுவார்கள்.

சிலம்பக்காரன் (பெருமாள்மலை)

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ‘அவசரப்பட வேண்டாம்’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பழனி மலையில் சிலம்பம் சொல்லித் தருகிறேன். இரண்டு ஆண்டுகளாகத் தாய் சியும் பழகுகிறேன். சிலம்பத்தில் அலங்காரமாகக் கம்பு சுற்றும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். கம்பு கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். எதிரில் ஒருவன் கம்போடு வந்து நின்றதும் காலடி குழம்பிவிடும். மூன்று ஆண்டுகள் வெறுங்காற்றில் சுற்றியதால் வந்த பழக்கம் அது. அதை மாற்ற இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு முதல் மாதமே காலடி வரிசையோடு எதிராளியையும் நிறுத்திவிடுகிறேன். மெதுவாக, மிக மெதுவாக, ஆனால் ஆள் வேண்டும்.

அக்கா மூன்று ஆண்டுகள் தனியாகப் பழகிவிட்டார். இனியும் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

பினாங்கு பழக்கம் (உதகை)

தம்பி, கம்புக்கும் கைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கம்பு மோதினால் சத்தம் கேட்கும், தவறு தெரிந்துவிடும். கை ஒட்டில் தவறு செய்தால் வெற்றி பெற்றதுபோலத் தோன்றும். பலமாகத் தள்ளி எதிரில் இருப்பவரைத் தடுமாற வைத்துவிட்டு, ‘எனக்கு வந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்வார்கள். அதைத்தான் அஞ்சுகிறேன். ஆனாலும் அம்மா தொடங்கலாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

கேத்தி இயன்முறை

நான் இயன்முறை மருத்துவர். தனிப் பயிற்சி ‘அரைகுறை’ என்ற சொல் இந்த இழையில் நிற்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தாய் சி, ஒன்றுக்கு எடைப் பயிற்சி, ஒன்றுக்குத் தசை நீட்டும் பயிற்சி. வாரம் இருமுறை, ஒரு மணி நேரம், 24 வாரங்கள். உடல் சமநிலையில் தாய் சி குழு மற்ற இரண்டையும் முந்தியது. கீழே விழுவதும் நீட்டல் பயிற்சிக் குழுவைவிடக் குறைந்தது. எடைப் பயிற்சியோடு ஒப்பிட்டால் விழுவதில் பெரிய வேறுபாடு இல்லை. அந்தப் பலனுக்கு யாரையும் தள்ள வேண்டியிருக்கவில்லை. எனவே மூடுபனி அம்மா, இந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஈட்டியது உங்களுடையது.

அடுத்தது முழங்கால். இந்த மலையில் என்னிடம் வரும் முழங்கால் வலிகளில் தாய் சியால் வந்தவையும் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: காலில் முழு எடையும் இருக்கும்போதே பாதத்தைத் திருப்புவது. பாதம் தரையில் ஒட்டியிருக்கும், தொடை மட்டும் திரும்பும், நடுவில் முழங்கால் முறுக்கப்படும். எடையைப் பின்னங்காலுக்கு எடுத்துவிட்டு, எடை இல்லாத முன்காலின் பாதத்தைக் குதிகாலில் திருப்ப வேண்டும். முழங்கால் எப்போதும் கால்விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும், விரல்களைத் தாண்டி முன்னே போகக் கூடாது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: சமதளம் அரிது. சரிவான புல்தரையில் பழகாதீர்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஒரு கால் தினமும் கூடுதலாக மடங்கும். உங்கள் எட்டடிச் சிமெண்டுத் தளமே மேல். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் கற்ற அதே தாழ்ந்த நிலையில் செய்து மூச்சு வாங்கினால், இரண்டு அங்குலம் நிமிர்ந்து செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் வெயில் வரட்டும், பிறகு தொடங்குங்கள். குளிர்ந்த மூட்டை முறுக்க வேண்டாம்.

தேன்சிட்டு (கொடைக்கானல்)

அக்கா, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன். கூடப் பழக ஆள் இல்லை என்பதைவிட, யாரோடு பழகுவது என்பதுதான் நமக்குச் சிக்கல். நான் போன வகுப்பில் இருந்த எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் பெண். கை ஒட்டு தொடங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் இறுகிவிட்டது. தளர்ந்திருக்கக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில், தளரவே முடியாத நிலை. சொல்லவும் கூச்சமாக இருந்தது. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன்.

பிறகு இங்கே ஒரு தோழி கிடைத்தாள். அவளும் புதியவள். எங்களுக்குக் கை கொடுத்தது ஒரு குச்சி. ஒரு முழ நீள மூங்கில் குச்சி, சுண்டுவிரல் பருமன். அதன் ஒரு முனை அவள் உள்ளங்கையில், மறுமுனை என் உள்ளங்கையில். யாரும் பிடிக்கக் கூடாது. இருவரின் மெல்லிய அழுத்தம் மட்டுமே அதைத் தாங்க வேண்டும். ஒருத்தி நடத்துவாள், மற்றவள் தொடர்வாள். மேலே, கீழே, வட்டமாக, ஓரடி முன்னே, ஓரடி பின்னே. அழுத்தம் குறைந்தால் குச்சி விழும். கூடினால் உள்ளங்கையில் குத்தும். எது தவறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் எந்தப் பக்கம் போகப்போகிறாள் என்பது ஒரு மாதத்தில் கண்ணை மூடினாலும் உள்ளங்கையில் தெரிய ஆரம்பித்தது.

சீனத்தில் இதற்குக் ‘கேட்கும் திறன்’ என்று பெயராம், திங் ஜின். தொடுவதைக் கேட்பது என்கிறார்கள். குச்சியைப் பிடித்த பிறகுதான் எனக்கு அந்தச் சொல் புரிந்தது.

இன்னொன்று, விடியலில் தோட்டத்து ஓரமாகவோ சோலை ஓரமாகவோ போய்ப் பழகாதீர்கள். இங்கும் காட்டெருமை வருகிறது, அங்கும் வருகிறது. மூடுபனியில் பத்தடி தூரத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

மலைப்பாதை ஓட்டுநர் (கோத்தகிரி)

வணக்கம் அம்மா. நான் 31 ஆண்டுகள் இந்த மலைப்பாதைகளில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வலத் தோள் இறுகிப் போய்க் கையைத் தூக்க முடியாமல் இருந்தபோதுதான் தாய் சிக்கு வந்தேன். பினாங்கு ஐயாவிடம்தான் பழகுகிறேன். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து உதகைக்குப் போய்விடுவேன்.

கை ஒட்டு எனக்கு எட்டு மாதம் வரவே இல்லை. ஐயா தள்ளுவார், நான் தடுப்பேன். தடுத்ததும் தூக்கி எறியப்படுவேன். சரி, தடுக்காமல் விடுகிறேன் என்று கையைத் தளர்த்தினால் அவர் கை என் நெஞ்சுக்கே வந்துவிடும். இரண்டும் தவறு என்றார். பிறகு எதுதான் சரி என்று எனக்குக் கோபமே வந்தது.

ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது பிடிபட்டது. மலை இறக்கத்தில் புது ஓட்டுநருக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், ஏறிய கியரிலேயே இறங்கு என்பது. பிரேக்கிலேயே கால் வைத்து இறக்கினால் லைனர் சூடாகிப் பிரேக் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் விட்டால் வண்டி நம் கையில் இருக்காது. கியரில் இறங்கும்போது வண்டி நிற்கவும் இல்லை, ஓடிப் போகவும் இல்லை. எடை முழுவதும் இஞ்சினில் உட்கார்ந்து இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் அந்த எடையோடுதான் திரும்புகிறோம்.

என் தோள்தான் பிரேக். என் பின்னங்கால்தான் கியர். அவர் தள்ளும்போது நான் பின்னங்காலில் உட்கார்ந்துகொண்டே இடுப்பைத் திருப்ப வேண்டும். கை அவர் மணிக்கட்டில் இருக்கும், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஐயா தள்ளினார். அவர் விசை என் வலப்பக்கமாகப் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடியும் தள்ளினார். அரை மணி நேரம் நிறுத்தாமல் சுற்றினோம்.

தோள் இப்போது நன்றாக இருக்கிறது. மேல் தட்டில் இருந்து சம்படம் எடுக்க முடிகிறது.

பினாங்கு பழக்கம் (உதகை)

ஓட்டுநர் சொன்ன இரண்டு தவறுகளும் பழைய ஏடுகளில் இருப்பவைதான். நான்கு தவறுகள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்: முட்டுவது, நசுங்குவது, விட்டுவிடுவது, எதிர்ப்பது. எந்த நேரத்திலும் இந்த நான்கில் ஒன்றில்தான் நாம் இருப்போம். எதில் இருக்கிறோம் என்று அறிந்துகொள்வதுதான் பயிற்சி.

மூடுபனி அம்மா, குச்சி கைவந்த பிறகு ஒற்றைக் கையில் தொடங்குங்கள். இருவரும் வலக்காலை முன்வைத்து எதிரெதிரே நில்லுங்கள். வல மணிக்கட்டின் புறப்பக்கங்கள் தொட வேண்டும். ஒருவர் உள்ளங்கையைத் திருப்பி எதிரில் இருப்பவரின் நெஞ்சை நோக்கி மெதுவாகத் தள்ளட்டும். மற்றவர் பின்னங்காலில் அமர்ந்து, இடுப்பை வலப்பக்கம் திருப்பி, அந்தக் கையைத் தம் பக்கவாட்டில் வழியனுப்பட்டும். பிறகு அவர் உள்ளங்கையைத் திருப்பித் தள்ளட்டும். தரைக்கு இணையாக ஒரு வட்டம், தோசைக்கல் போல. பாதம் நகரக் கூடாது. மூன்று மாதம் இது மட்டும் போதும். இரு கையும் நான்கு வேலைகளும் பிறகு வரட்டும்.

மூடுபனி (குன்னூர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆள் கிடைத்துவிட்டார். மூன்றாவது வீட்டு அக்கா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகிறவர். தினமும் காலையில் நான் செய்வதை மதில் வழியாகப் பார்த்துக்கொண்டே போவார். ‘இது என்ன, கோயிலில் செய்வதா?’ என்று ஒருநாள் கேட்டார். விளக்கினேன். குச்சிக்கு என்ன செய்வது என்று நான் தேடிக்கொண்டிருக்க, கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கும் குச்சியில் பழையது ஒன்றை ஒடித்து எடுத்து வந்தார்.

மாலை ஐந்தரைக்கு அவர் கைகால் கழுவிவிட்டு வருவார். கொழுந்துக் கறை மட்டும் கழுவினால் போகாது; கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறுப்பாக, ரேகைக்குள் இறங்கியிருக்கிறது. அந்த உள்ளங்கையும் என் உள்ளங்கையும் நடுவில் குச்சி. முதல் மாலை பதினேழு முறை விழுந்தது. எண்ணினேன். பதினேழில் பதினான்கு முறை நான் பின்னால் போகும்போது விழுந்தது. ஏன் என்று புரியவில்லை. நான்காவது நாள் அக்காதான் சொன்னார்: ‘நீங்கள் போவதற்கு முன்னால் உங்கள் கை போய்விடுகிறது.’

அவ்வளவுதான் விஷயம். உடம்பு பின்னங்காலுக்கு வருமுன்பே கையை இழுத்துக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளாகத் தினமும் ஏழாவது அசைவில் இதைத்தான் செய்திருக்கிறேன். காற்று என்னிடம் சொல்லவில்லை. ஐயா சொன்ன நான்கில் ‘விட்டுவிடுவது’ என்னுடையது.

அக்காவுடையது முட்டுவது. அவர் முன்னே வந்தால் குச்சி என் உள்ளங்கையில் பதிந்துவிடுகிறது. ஒரு வாரம் சிவந்தே இருந்தது. மெதுவாக என்றால் அவருக்கு நிற்பது என்றுதான் பொருள். இருவரும் மாற்றி மாற்றித் திருத்திக்கொள்கிறோம்.

சிலம்பக்காரன் (பெருமாள்மலை)

அக்கா, பதினான்கு முறை என்று எண்ணியதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். என் மாணவர்களிடம் இன்று மாலை இதைச் சொல்லப் போகிறேன். ஐயாவிடமும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: மூன்று ஆண்டுத் தனிப் பயிற்சி இல்லாவிட்டால், எந்த அசைவில் கை முந்துகிறது என்று அக்காவால் இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. வரிசை மனப்பாடமாக இருந்ததால்தான் தவறு அங்கே போய் உட்கார்ந்தது.

கேத்தி இயன்முறை

அக்காவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நாள் முழுவதும் சரிவில் நிற்பவர். மாலையில் நிலையைத் தாழ்த்த வேண்டாம், நிமிர்ந்தே பழகட்டும்.

மூடுபனி (குன்னூர்)

கேட்டேன். இடது முழங்கால் மழைக்காலத்தில் வலிக்கும் என்றார். நிமிர்ந்தேதான் பழகுகிறோம். இரண்டு மாதம் ஆகிவிட்டது. குச்சியை விட்டு மணிக்கட்டுக்கு வந்துவிட்டோம். அவர் மணிக்கட்டு என்னுடையதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், சுற்றச் சுற்றச் சூடேறும். இருபதாவது சுற்றுக்கு மேல் இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்போதுதான் வட்டம் சீராகிறது.

நேற்று அவருக்குத் தோட்டத்தில் கூடுதல் வேலை, வரவில்லை. இன்று காலை நான் மட்டும் வரிசையைச் செய்தேன். ஏழாவது அசைவில், பக்கமாக வழியனுப்பும் இடத்தில், என் கை நின்று இடுப்புக்காகக் காத்திருந்தது. மணிக்கட்டின் புறத்தில், அவர் தொடும் அதே இடத்தில், அழுத்தம் இருப்பதுபோல இருந்தது. எட்டாவது அசைவிலும் இருந்தது. ஆள் இல்லாதபோது ஆள் இருப்பதுபோல் என்று ஐயா எழுதியதை மனத்தால் செய்ய வேண்டிய ஒன்று என்று இதுவரை நினைத்திருந்தேன்.

அக்கா இப்போது வரிசையையும் கேட்கிறார். தொடக்கமும் ‘குதிரையின் பிடரியைப் பிரித்தல்’ அசைவும் வந்துவிட்டன. ‘வெள்ளைக் கொக்கு’ வரும்போது ஒற்றைக் காலில் எடை நிற்பது அவருக்கு என்னைவிட நன்றாக வருகிறது.

ஓட்டுநர் அண்ணா, ஞாயிறு பயிற்சிக்குப் பெண்கள் வரலாமா?

மலைப்பாதை ஓட்டுநர் (கோத்தகிரி)

தாராளமாக வாருங்கள் அம்மா. ஐயாவிடம் கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரியும் இந்த வாரம் வருகிறாள். அவளும் புதியவள், உங்கள் இருவரோடும் பழகலாம். எட்டு மணிக்குத் தொடங்குவோம். மழை வந்தால் ஐயா வீட்டுக் கார் கொட்டகை இருக்கிறது, தரை சமமாக இருக்கும்.

மூடுபனி (குன்னூர்)

அக்காவுக்கு ஞாயிறு விடுமுறைதான். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறோம். உங்கள் வீட்டம்மாவுக்காகக் குச்சியை எடுத்து வருகிறோம்.